'கிரீன் கார்டு வந்ததும் ஊருக்கு வரேன்'னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு



"கிரீன் கார்டு வந்ததும் ஊருக்கு வரேன்மா." அமெரிக்காவில் வேலை பார்க்கிற நம்ம பசங்க வீட்டுக்கு போன் பண்ணும்போது அடிக்கடி சொல்ற வாக்கியம் இது. முதல் வருஷம் சொல்லும்போது நியாயமாத்தான் இருக்கும். ஐந்தாவது வருஷமும் அதே பதில்னா, அதுக்குப் பேர் பயம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கையில் பேப்பர் இல்லாம வெளிநாடு போறது பெரிய ரிஸ்க். ஆனா அந்தப் பேப்பரை வாங்கி வைக்காம வருஷக்கணக்கா ஊருக்கே போகாம இருக்கிறது அதைவிட மோசமான நிதி முடிவு. பணத்திலும் நஷ்டம், பணத்தால அளக்க முடியாத விஷயத்திலும் நஷ்டம்.

நான் இமிக்ரேஷன் வக்கீல் இல்லை. டிக்கெட் போடும் முன் உங்க வக்கீல்கிட்ட ஒரு தடவை பேசுங்க. ஆனா அவர்கிட்ட என்ன கேட்கணும்னு தெரிஞ்சு போனீங்கன்னா அந்த அரை மணி நேரக் கட்டணம் வீணாகாது. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

எவ்வளவு நாள் காத்திருப்பு?

வேலை வழி கிரீன் கார்டு ஒரு நிதியாண்டுக்கு சுமார் 1,40,000. இதில் ஒரு நாட்டில் பிறந்தவங்களுக்கு 7 சதவீதம்தான் என்பது பொது விதி. இந்தியாவில் பிறந்தவங்க வரிசை நீண்டுகிட்டே போக இதுதான் காரணம்.

2020 அக்டோபர் மாதத்தை அங்க இருக்கிற பல பேர் மறந்திருக்க மாட்டாங்க. இபி-3 இந்தியா வரிசையில், 2015 ஜனவரி 1க்கு முந்தைய பிரையாரிட்டி டேட் உள்ளவங்க ஐ-485 விண்ணப்பம் போடலாம்னு கதவு திறந்தது. இபி-2ல இருந்தவங்ககூட இபி-3க்கு இறங்கி வந்து விண்ணப்பிச்சாங்க. அஞ்சு வருஷம் தாண்டியும் அவங்கள்ல பல பேருக்கு கார்டு வரலை. அன்னைக்கு 62 வயசா இருந்த அப்பாவுக்கு இன்னைக்கு 67 தாண்டியிருக்கும்.

சில மாதத்தில் முடியற விண்ணப்பத்துக்கு "முடியட்டும், அப்புறம் போகலாம்"னு சொல்றது சரியான அறிவுரை. முடிவு தேதியே தெரியாத வரிசையில் நிக்கிறவங்களுக்கும் அதையே சொன்னா எப்படி?

விதி என்ன சொல்லுது?

ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் என்கிற முன் அனுமதி இல்லாம அமெரிக்காவை விட்டு வெளியே போனா, விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாக யுஎஸ்சிஐஎஸ் எடுத்துக்கும். திரும்பி வந்து "தெரியாம போயிட்டேன்"னு சொன்னா செல்லாது.

இந்த விதிக்கு முக்கியமான விலக்கு எச்-1பி, எல்-1 விசாவில் இருக்கிறவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் உண்டு. அந்த நிலையைக் காப்பாத்திக்கிட்டு, அதே நிறுவனத்தில் வேலையைத் தொடரறதுக்காக, செல்லுபடியாகும் விசாவோட திரும்பி வந்தா விண்ணப்பம் உயிரோட இருக்கும். கல்யாணம் மூலமா விண்ணப்பிச்ச எஃப்-1 மாணவருக்கோ, டூரிஸ்ட் விசாவில் வந்தவருக்கோ இந்த விலக்கு கிடையாது. பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் இன்னும் காலாவதி ஆகலை என்பது இங்க எந்த வகையிலும் காப்பாத்தாது.

அட்வான்ஸ் பரோல் (சுருக்கமா ஏபி) கேட்கிற படிவம் ஐ-131. இதில் நிறைய பேர் தடுக்கி விழற இடம் ஒண்ணு இருக்கு. விண்ணப்பிச்சா மட்டும் போதாது, அனுமதி கைக்கு வந்த பிறகுதான் கிளம்பணும். நடுவுல கிளம்பிட்டா அந்த ஐ-131 கைவிடப்பட்டதா ஆகிடும். எச்-1பியில் போய் எச்-1பியில் திரும்பினா ஐ-485 பிழைச்சுக்கும், ஆனா ஏபிக்கு மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

வீட்டில் இந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. நம்ம ஊர்ல பரோல்னா ஜெயில்ல இருந்து வர்றதுதான் ஞாபகத்துக்கு வரும்!

"என்கிட்டதான் எச்-1பி இருக்கே?"

இதுதான் நான் அதிகம் கேட்கிற பதில். எச்-1பி ஒண்ணை மட்டும் நம்பி இருக்கிறது ஏன் போதாதுன்னு சொல்றேன்.

முதல் காரணம் ஸ்டாம்பிங். எச்-1பி நீட்டிப்பு கிடைச்சாலும், பாஸ்போர்ட்டில் இருக்கிற ஸ்டாம்ப் காலாவதியாகியிருந்தா ஊருக்குப் போனவர் தூதரகத்துக்குப் போய்த்தான் ஆகணும். முன்னாடி டிராப்பாக்ஸ்னு ஒரு வசதி இருந்தது; நேர்காணல் இல்லாம பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டு வரலாம். 2025 செப்டம்பர் 2 முதல் எச்-1பி உட்பட பெரும்பாலானவங்களுக்கு அது போச்சு. அடுத்து, 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைத்தளப் பக்கங்களையும் பார்க்கிறோம்னு சொல்லி, இந்தியாவில் ஏற்கெனவே கொடுத்திருந்த அப்பாயின்ட்மென்ட்களை 2026க்குத் தள்ளிவெச்சாங்க. மூணு வாரம் லீவு போட்டு வந்தவங்க பல பேர் மாதக்கணக்கில் ஊர்லயே மாட்டிக்கிட்டாங்க. எல்லாம் ஒழுங்கா நடந்தாலும் 221(ஜி) துண்டுச்சீட்டு ஒண்ணைக் கையில் கொடுத்து "சரிபார்ப்பு நடக்குது, காத்திருங்க"ன்னு அனுப்பலாம்.

ரெண்டாவது, விதி ஒரே ராத்திரியில் மாறலாம். 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, எச்-1பிக்கு 1,00,000 டாலர் கட்டணம்னு அதிபரின் அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 21ஆம் தேதி தொடங்கினதும் அமலுக்கு வரும்னு சொன்னாங்க. வெளிநாட்டில் இருக்கிற ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லி பெரிய நிறுவனங்களே மெயில் அனுப்பின. அடுத்த நாள்தான், இது புதிய மனுக்களுக்கு மட்டும், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லைன்னு விளக்கம் வந்தது. அந்த ஒரு நாளில் அவசர டிக்கெட்டுக்குப் போன பணத்தை யாரும் திருப்பித் தரலை.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம்: லேஆஃப். நீங்க ஊர்ல இருக்கும்போது வேலை போயிடுச்சுன்னு வைங்க. ஸ்டாம்ப் புத்தம் புதுசா இருந்தாலும், வேலை இல்லாம அந்த எச்-1பியை வெச்சு உள்ளே வர முடியாது. அதே நிறுவனத்துக்குத் திரும்பி வரணும் என்கிற விலக்கும் அடிபட்டுப் போகும். ஏபி வாங்காம போயிருந்தா, பத்து வருஷம் காத்திருந்த ஐ-485 அங்கேயே ஆட்டம் காணும்.

கிளம்பும்போதே ஏபி பையில் இருந்திருந்தா? அதை வெச்சு திரும்பி வரலாம். ஐ-485 நிலுவையில் இருக்கிற வரை சட்டப்படி தங்கலாம். இஏடி கார்டு இருந்தா வேலை செய்யலாம். விண்ணப்பம் போட்டு 180 நாள் தாண்டியிருந்து, ஐ-140ம் ஒப்புதல் ஆகியிருந்தா, அதே மாதிரி வேலைக்கு வேற நிறுவனத்துக்கு மாறி, அதே கிரீன் கார்டு விண்ணப்பத்தைத் தொடரலாம். வேலை போன அன்னைக்கு இந்த ஒரு பேப்பர் செய்யற வித்தியாசத்தைப் பாருங்க.

இப்ப கணக்குக்கு வருவோம்

2024 ஏப்ரல் 1க்குப் பிறகு ஐ-485 போட்டவங்களுக்கு, அதை ஒட்டிப் போடற ஐ-131 கட்டணம் 630 டாலர். கணவன், மனைவி, ஒரு குழந்தைன்னா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி; மொத்தம் 1,890 டாலர். "இவ்வளவா?"ன்னு தோணும்.

ஆனா 2007 ஜூலை 30க்கும் 2024 ஏப்ரல் 1க்கும் நடுவுல முழுக் கட்டணம் கட்டி ஐ-485 போட்டவங்களுக்கு, அந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கிற வரை ஏபி புதுப்பிக்கக் கட்டணம் இல்லை. 2020 அக்டோபர் கூட்டம் முழுக்க இதில் வரும். இலவசமா கிடைக்கிற இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காம விட்டவங்களை என்ன சொல்றது? படிவம் அனுப்பும் முன் யுஎஸ்சிஐஎஸ் கட்டணப் பக்கத்தை மட்டும் ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க.

ஏபி இல்லாம போய், ஸ்டாம்பிங்கில் மூணு மாசம் மாட்டிக்கிட்டா எவ்வளவு? ஒரு உதாரணக் கணக்கு:

- வீட்டு வாடகை: மாதம் 2,400 டாலர்
- கார் லோன், கார் இன்ஷூரன்ஸ்: 650 டாலர்
- ஊர்ல இருக்கிற வீட்டுக் கடன் இஎம்ஐ: 700 டாலர்
- போன், இன்டர்நெட், மற்ற பில்கள்: 250 டாலர்

மாதம் 4,000 டாலர். மூணு மாசத்துக்கு 12,000 டாலர். சம்பளம் நின்னாலும் இது நிக்காது. குடும்பத்துக்கே 1,890 டாலர் என்பது இதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது "நான் சாகப் போறதில்லையே, எதுக்கு?"ன்னு கேட்கிறோமா? அதே மாதிரி "இப்ப ஊருக்குப் போற பிளான் இல்லையே, எதுக்கு ஏபி?"ன்னும் கேட்கக் கூடாது. பயணத் திட்டம் இல்லாதப்பவே வாங்கி வைக்க வேண்டிய பேப்பர் இது.

"ஊர்ல இருந்தே லேப்டாப்ல வேலை பார்த்துப்பேன், சம்பளம் நிக்காது"ன்னு சிலர் சொல்வாங்க. முதல்ல, கம்பெனி எழுத்துப்பூர்வமா ஒத்துக்கணும். டேட்டா பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கிற இடங்கள் நிறைய. அடுத்து வரி. இந்தியாவில் உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளம் இந்திய வருமானமா கணக்காகும். இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தில் 183 நாள் வரைக்கும் விலக்கு இருக்கு. அதுக்கும் நிபந்தனைகள் உண்டு. ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துட்டா நீங்க வரிக் கணக்கில் இந்தியாவில் வசிப்பவராவே ஆயிடலாம். நாள் எண்ணிக்கையைக் குறிச்சு வைங்க.

ஏபியில் குறையே இல்லையா?

இருக்கு. அதையும் சொல்லணும்.

ஏபி இருந்தாலும் உள்ளே விடறது விமான நிலையத்தில் இருக்கிற சிபிபி அதிகாரியின் முடிவு. பெரும்பாலும் தனி அறைக்கு அனுப்பி உட்கார வைப்பாங்க. அரை மணி நேரமும் ஆகலாம், மூணு மணி நேரமும் ஆகலாம். கனெக்டிங் ஃபிளைட் போடும்போது அந்த இடைவெளியைக் கணக்கில் வைங்க.

ஏபியில் வந்தவர் எச்-1பி நிலையில் அனுமதிக்கப்பட்டவர் இல்லை, பரோலில் வந்தவர். அதே நிறுவனத்தில் எச்-1பி வேலையைத் தொடரலாம், நீட்டிப்பும் கேட்கலாம். ஆனா ஐ-94ல் இருக்கிற தேதி மாறும். வந்த அன்னைக்கே டவுன்லோடு பண்ணிப் பாருங்க. முக்கியமா, ஐ-485 நிராகரிக்கப்பட்டா அதை நம்பி வாங்கின ஏபியும் இஏடியும் கை கொடுக்காது. அதனாலதான் ஏபி இருக்கேன்னு எச்-1பியைக் கைவிடாதீங்கன்னு சொல்றேன். ஒண்ணு ஊன்றுகோல், இன்னொண்ணு கைப்பிடிச்சுவர். ரெண்டும் இருக்கட்டும்.

குடும்பத்தில் ஒருத்தர் எச்-1பியை விட்டுட்டு இஏடியில் வேலை பார்க்க ஆரம்பிச்சா, அவரை நம்பி இருக்கிற மனைவி, குழந்தைகளின் எச்-4க்கும் ஆதாரம் போயிடும். அவங்களும் ஏபி இல்லாம எங்கயும் போகக் கூடாது. இதைப் பல பேர் யோசிக்கிறதில்லை.

இன்னொரு விஷயம் டிரான்சிட். சென்னையில் இருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. ஐரோப்பா வழியா போனா, செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கிற இந்தியர்களுக்குச் சில நாடுகளில் டிரான்சிட் சலுகை உண்டு. ஸ்டாம்ப் காலாவதியாகி ஏபி மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை பொருந்தணும்னு அவசியமில்லை. 100 டாலர் மிச்சம்னு டிக்கெட் போட்டுட்டு செக்-இன் கவுன்ட்டர்லயே திருப்பி அனுப்பப்படாம இருக்க, வழியில் இறங்கற நாட்டின் விதியை முதல்ல பாருங்க. வளைகுடா வழி பல நேரம் சிக்கல் குறைவு.

யார் போகக் கூடாது?

எல்லாரும் கிளம்புங்கன்னு நான் சொல்லலை. கைது, குடிச்சுட்டு வண்டி ஓட்டின வழக்கு, இடையில் விசா இல்லாம இருந்த காலம், அனுமதியில்லாத வேலை, இதில் ஒண்ணு இருந்தாலும் வக்கீல் எழுத்தில் சரின்னு சொல்லாம கிளம்பாதீங்க. கைரேகை அப்பாயின்ட்மென்ட் அல்லது நேர்காணல் தேதி வந்திருந்தா முடிச்சுட்டுப் போங்க. ஏபி காலாவதிக்கு ஒரு மாசம்தான் இருக்குன்னா ஊர்ல ஒரு காய்ச்சல் வந்தாலே கதை கந்தல். எஃப்-1ல இருந்து எச்-1பிக்கு மாறுகிற விண்ணப்பம் நடுவுல இருக்கிறவங்களும் பொறுத்திருங்க. வெளியே போனா அந்த மாற்றம் கைவிடப்பட்டதாகிடும்.

"எங்க வக்கீலே போகாதேன்னு சொல்றாரு, நீங்க என்ன?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. வக்கீலோட வேலை உங்க விண்ணப்பத்தைக் காப்பாத்தறது. அவர் கணக்கில் போகாம இருந்தா ரிஸ்க் பூஜ்யம். உங்க கணக்கில் அப்படி இல்லை. அதனால "போகலாமா?"ன்னு கேட்காதீங்க. "என் ஃபைல்ல என்ன குறிப்பான சிக்கல் இருக்கு?"ன்னு கேளுங்க. பதிலா ஒரு காரணம் வந்தா கேட்டுக்கோங்க. "பொதுவா வேண்டாம்"னு வந்தா, முடிவு உங்களோடது.

ஊர் ஃபண்ட்: தனியா ஒண்ணு வைங்க

எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி நம்ம சேனல்ல பல தடவை பேசியாச்சு. விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறவங்க அதோட சேர்த்து ஊர் ஃபண்ட்னு ஒண்ணு தனியா வைங்க. அதில் மூணு விஷயம்:

1. கடைசி நிமிஷ டிக்கெட்டுக்கான பணம். சாதாரண விலையை வெச்சுக் கணக்கு போடாதீங்க. நாளைக்கே கிளம்பணும்னா என்ன விலைன்னு இன்னைக்கு ஒரு தடவை தேடிப் பாருங்க, அந்தத் தொகையை வைங்க. தேதி மாத்தக்கூடிய டிக்கெட்டா எடுங்க.
2. மூணு மாச நிலையான செலவு. மேல போட்ட கணக்கு உங்க எண்களோட.
3. ஏபி புதுப்பிக்கக் கட்டணம், வக்கீல் கட்டணம்.

பேப்பர் பக்கம்: ஏபி ஒரிஜினல், ஐ-485 ரசீது நகல், ஐ-797, கடைசி மூணு பேஸ்லிப், கம்பெனி கடிதம், எல்லாம் ஒரே ஃபைல்ல, கைப்பையில். செக்-இன் பெட்டியில் போடாதீங்க. அங்க வீட்டு தபால் பெட்டியைத் திறக்க நம்பிக்கையான ஒரு நண்பர் வேணும். ஆர்எஃப்இ வந்தா பதில் சொல்ல ஒரு கெடு இருக்கும். நீங்க ஊர்ல இருக்கீங்கன்னு அந்தக் கெடு காத்திருக்காது.

ஏபி இல்லாதப்ப அவசரம் வந்துட்டா? உள்ளூர் யுஎஸ்சிஐஎஸ் அலுவலகத்தில் அவசர ஏபி கேட்க வழி இருக்கு. படிவம், கட்டணம், போட்டோ, ஆதாரம் எல்லாத்தோடும் போகணும். கிடைக்கும்னு உத்தரவாதம் இல்லை. கிடைச்சாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒரு நாளோ ரெண்டு நாளோ ஓடிடும், விமானத்தில் இன்னொரு நாள்.

ஊரில் இருந்து படிக்கிறவங்களுக்கு

அண்ணனோ அக்காவோ அங்க இருந்தா இந்தப் பகுதி உங்களுக்கு. "விசாதான் இருக்கே, வர வேண்டியதுதானே?"ன்னு கேட்கும் முன் மேல இருக்கிறதை ஒரு தடவை படிங்க. கல்யாணத் தேதி குறிக்கும்போது "உன் ஏபி எப்ப வரைக்கும்?"னு கேட்டுக் குறிங்க. வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தா, டாக்டர்கிட்ட லெட்டர்ஹெட்ல நோயாளி பெயர், நிலைமை, தேதி, கையெழுத்து, சீலோட ஒரு கடிதம் வாங்கி அன்னைக்கே வாட்ஸப்பில் அனுப்புங்க. "பயப்பட வேண்டாம்னு சொல்லலை"ன்னு ஒரு வாரம் மறைச்சு வைக்காதீங்க. அந்த ஒரு வாரம்தான் அவங்களுக்கு வேண்டிய நேரம்.

நம்ம பக்கம் ஒரு சாவுன்னா அடுத்த நாளே எடுத்துடறாங்க. எவ்வளவு வேகமா கிளம்பினாலும் அமெரிக்காவில் இருந்து அதுக்கு வந்து சேர்றது கஷ்டம். பேப்பர் இருக்கிறவர் பதினாறாம் நாள் காரியத்துக்காவது வந்து அம்மா பக்கத்தில் உட்காருவார். இல்லாதவர் வீடியோ கால்ல பார்ப்பார். அந்த வித்தியாசத்தோட விலை 630 டாலர். பல பேருக்கு அதுவும் இல்லை.

அதனால இந்த வாரக் கடைசியில் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க ஏபியை எடுத்து காலாவதி தேதியைப் பாருங்க. ஏபியே இல்லைன்னா ஐ-131 எப்ப போடறதுன்னு வக்கீலுக்கு ஒரு மெயில் தட்டுங்க. ஆறு மாசத்துக்குள்ள முடியுதுன்னா புதுப்பிக்க ஆரம்பிங்க. நல்லா இருக்குன்னா, அப்பா அம்மாகிட்ட ஒரு தேதி சொல்லுங்க. "கார்டு வந்ததும்"னு சொல்லாம, காலண்டர்ல இருக்கிற ஒரு தேதியா சொல்லுங்க.